எட்டு மணிச் சாப்பாட்டுக்கு ஒரு கிளாஸ்

சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளை வளர்க்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

ஒயினைப் பற்றிக் கடிதம் எழுத நம் மாவட்டத்தைவிடப் பொருந்தாத இடம் இந்தியாவிலேயே கிடைக்காது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். அவர் வக்கீல் தொழில் பார்த்த ஊர், நகராட்சித் தலைவராக இருந்த ஊர். சொந்த வீட்டில் விளக்கேற்றிவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போனார். கள்ளுக்கடை வருமானம் போன பள்ளத்தை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. கள் நின்றதா இல்லையா என்பது வேறு கதை, வரி நிலைத்துவிட்டது. அந்த 1937ஆம் வருடத்துச் சட்டம் எத்தனையோ திருத்தங்களோடு இன்றும் உயிரோடு இருக்கிறது. மதுவிலக்குச் சட்டம் என்ற அதே பெயரின் கீழ்தான் டாஸ்மாக் கடையும் நடக்கிறது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை மொத்தமும் அரசாங்கத்தின் கையில். இந்த முரணை ரசிக்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழ்நாடு நல்ல மாநிலம்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் குடி என்றால் ஒரே ஒரு படம்தான் மனதில் வரும்: கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போய், குவார்ட்டரை உடைத்து, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்து ஊற்றி, நின்றபடியே இரண்டு மடக்கில் முடித்துவிட்டு வீட்டுக்குத் தள்ளாடுகிற ஆள். எஸ்டேட் லைன் வீடுகளில் அந்த ஆளுக்காகக் கதவைத் தாழிடாமல் காத்திருந்த பெண்களை நம் எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசமானதும் பக்கத்து மாவட்டத்திலேயே நடந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த மாவட்டத்துக் கல்வராயன் மலை நமக்கு அடுத்த மலை. அன்றைக்கு ஆம்புலன்ஸ்கள் வந்து நின்றது சேலம் அரசு மருத்துவமனையிலும்தான். ஆகவே, "வீட்டில் ஒரு கிளாஸ் ஒயின்" என்றதும் உங்கள் மாமியார் முகம் சுளித்தால் அவரைப் பத்தாம்பசலி என்று சொல்லாதீர்கள். அந்தச் சுளிப்புக்கு வரலாறு இருக்கிறது.

குடிக்காதவர்கள் இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். ஒயின் தெரியாததால் நீங்கள் இழந்தது எதுவுமில்லை. புதிதாகத் தொடங்கவும் தேவையில்லை. ஒயின் இதயத்துக்கு நல்லது என்று முன்னே சொல்லிக்கொண்டிருந்த பேச்சு இப்போது எடுபடவில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் ஆல்கஹால் 1988லிருந்தே இருக்கிறது. ஒயினில் இருப்பதும் அதே ஆல்கஹால்தான். குறைத்தால் கேடு குறையும், அவ்வளவுதான்.

நான் எழுதுவது மற்றவர்களுக்கு. வார இறுதியில் நண்பர்களோடு குடித்துப் பழகி, பிள்ளை பிறந்த பிறகு வெளியே போக நேரமில்லாமல் போனவர்கள். ஒன்பது மணிக்குப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, நாளைக்கு வேண்டிய சீருடையை இஸ்திரி போட்டுவிட்டு, சோஃபாவில் விழுந்து, "ஏதாவது இருக்கா?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறவர்கள். கணவர் மட்டும் பால்கனியில் நின்று விஸ்கி குடிக்க, சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற மனைவிக்கும் அதே களைப்பு உண்டு என்று யாரும் நினைத்துப் பார்க்காத வீடுகள். இப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான்: குடிப்பது என்று முடிவு செய்துவிட்டால் விஸ்கியையும் பிராந்தியையும் விட்டுவிட்டு ஒயினுக்கு வாருங்கள். அதிக விலையில்லாத ஒயினாக வாங்குங்கள். அதைச் சாப்பாட்டோடு, உட்கார்ந்து, அளந்து குடியுங்கள்.

ஏன் ஒயின்? கணக்குப் போட்டுப் பாருங்கள். குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் நாட்டு பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். உள்ளே இருப்பது சுமார் 60 கிராம் ஆல்கஹால். ஒயினில் 13 சதவீதம். 150 மில்லி கிளாஸ் ஒன்றில் 15 கிராம். ஒரு குவார்ட்டருக்குச் சமம் நான்கு கிளாஸ் ஒயின். நல்ல மனநிலையில் இருக்கும் எவராலும் நான்கு கிளாஸ் ஒயினை இரண்டு மடக்கில் குடிக்க முடியாது. காசுக்கும் கட்டாது. ஓரளவு நல்ல இந்திய ஒயின் ஒரு பாட்டில் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று இப்படியும் அப்படியும் இருக்கும். போதை மட்டும்தான் வேண்டும் என்றால் ஒயின் சுத்த நட்டம். அதனாலேயே நான் அதைச் சிபாரிசு செய்கிறேன். ஒரு பாட்டிலில் ஐந்து கிளாஸ். கணவன் மனைவி இருவரும் முறை வைத்து இரவுக்கு ஒரு கிளாஸ் குடித்தால் ஐந்து இரவுக்கு வரும். வெளியில் போய் இரண்டு பேர் சாப்பிட்டுவிட்டு வருவதைவிடக் கட்டுப்படியாகும். வாரத்துக்கு ஒரு பாட்டிலே அதிகம் என்பது என் கட்சி. இரண்டு வாரத்துக்கு ஒன்று சரி.

இனி வாங்குவது. சாதாரண டாஸ்மாக் கடைக் கம்பிக்குப் பின்னால் ஒயின் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது போர்ட். சர்க்கரை போட்ட, ஜாம் போல இனிக்கிற சிவப்புத் திரவம். முதல்முறை குடிக்கிறவர்களுக்குப் பிடிக்கும், அதுதான் அதில் உள்ள அபாயம். பழரசம் போல இறங்கும், எவ்வளவு இறங்கியது என்று தெரியாது, காலையில் தலை தெரிவிக்கும். போர்ட்டைக் கேக்குக்கு ஊற்றுங்கள். குடிப்பதற்கு வேண்டியது சர்க்கரை மிஞ்சாத ஒயின்; லேபிளில் "டிரை" என்று இருக்கும். அதைத் தேட டாஸ்மாக்கின் எலைட் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே அலமாரியில் நாமே எடுத்துப் பார்க்கலாம், லேபிளைப் படிக்கலாம், ஒரு பெண் தனியாகப் போனாலும் பத்துப் பேர் திரும்பிப் பார்க்காமல் வாங்கிவரலாம். அல்லது அதிகபட்சம் மூன்று பேர் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அலமாரியில் மூன்று நான்கு பெயர்களைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். நாசிக்கில் ராஜீவ் சாமந்த் 1999இல் தொடங்கிய சூலா; பெங்களூரு பக்கத்தில் நந்தி மலை அடிவாரத்துத் தொட்டபள்ளாபுரத்தில் கன்வல் குரோவர் பிரெஞ்சு நிபுணர் ஒருவரின் துணையோடு தொடங்கி, இப்போது குரோவர் சம்பா என்று வருவது; சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜிலிருந்து பிராத்தெல்லி. இந்த மூன்று நிறுவனத்திலும் விலை குறைந்த வரிசை ஒன்று, நடு வரிசை ஒன்று, கல்யாண நாளுக்கென்று ஒன்று இருக்கும். நடு வரிசையில் கை வையுங்கள். இறக்குமதி ஒயின்களில் இதே விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வரியையும் கப்பல் கூலியையும் கட்டிய பிறகு மிச்சமிருக்கிற ஒயின். பாட்டிலுக்குள் போயிருக்கும் பணம் குறைவு. ஓசூரைத் தாண்டினால் விலை குறைவுதானே என்று கேட்பீர்கள். கர்நாடகமும் மகாராஷ்டிரமும் தங்கள் திராட்சை விவசாயிகளுக்காக ஒயினுக்கு வரிச்சலுகை தருகின்றன, உண்மை. ஆனால் அனுமதி இல்லாமல் வேறு மாநிலத்து மதுவை எல்லை தாண்டிக் கொண்டுவருவது இங்கே குற்றம். பின் இருக்கையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறந்து காட்டும் அழகு உங்களுக்கு வேண்டாம்.

பாட்டிலில் பார்க்க வேண்டியது வருடம். இந்தியாவில் திராட்சை அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அந்த வருடத்து வெள்ளை ஒயின் அந்த வருடக் கடைசிக்குள்ளேயே கடைக்கு வந்துவிடும். விலை குறைந்த வெள்ளை ஒயினும் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினும் பழசாகப் பழசாக மேம்படும் சரக்கு அல்ல. இரண்டு வருடம் தாண்டிய வெள்ளையைத் தொடாதீர்கள், தள்ளுபடி கொடுத்தாலும். சிவப்புக்கு மூன்று நான்கு வருடம் வரை பரவாயில்லை. அடுத்தது மூடி. திருகு மூடியைக் கண்டு மலிவான சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் பாட்டிலை நிற்கவைத்துத்தான் அடுக்குகிறார்கள். நின்ற பாட்டிலில் தக்கை காய்ந்து சுருங்கிக் காற்று உள்ளே போகும். திருகு மூடிக்கு அந்த வம்பே இல்லை. தவிர, ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் திறக்க முடிகிற ஒரே மூடி அதுதான்.

வெயில்தான் ஒயினுக்கு எமன். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 38 டிகிரி, 40 டிகிரி சர்வசாதாரணம். டாஸ்மாக் கடை திறப்பதே மதியம் 12 மணிக்கு. வாங்கிய பாட்டிலை டிக்கியில் போட்டுவிட்டு, அப்படியே துணிக்கடை, மளிகை, மாமா வீடு என்று சுற்றிவிட்டு மாலையில் மலையேறினால், உள்ளே இருப்பது வெந்த ஒயின். வாசனை போய், வேகவைத்த பழத்தின் சுவை வந்திருக்கும். ஒயினைக் கடைசியில் வாங்குங்கள், காய்கறிப் பையோடு ஈரத்துணி சுற்றி வையுங்கள், நேராக வீட்டுக்கு வாருங்கள். ஏற்காட்டில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. ஐயாயிரம் அடி உயரத்தில், வடக்குப் பார்த்த அறையில், உயரமான அலமாரியில் பாட்டிலைப் படுக்கப் போட்டால் பெரும்பாலான மாதங்களில் அதுவே போதும். சேலத்துக்காரர்கள் ஃபிரிட்ஜை நம்புங்கள். கதவில் வைக்காமல் உள்ளே மேல்தட்டில் வையுங்கள்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருப்பீர்கள். அது குளிர்நாட்டு அறை. 16, 18 டிகிரி. சேலத்து அறை 32. அந்தச் சூட்டில் சிவப்பு ஒயினை ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். ஆகவே சிவப்பையும் ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிட உட்காருவதற்கு அரைமணி முன்னால் எடுங்கள். வெள்ளையைப் பத்து நிமிடம் முன்னால் எடுத்தால் போதும். கிளாஸில் ஐஸ் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: உங்கள் வீடு, உங்கள் காசு, தாராளமாக. ஒயின் நீர்த்துப்போனால் அதிலும் ஒரு நன்மை இருக்கிறது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி, சாப்பாடு. ஒயினுக்குப் பொருத்தம் சொல்கிற புத்தகங்களில் சீஸும் ஸ்டேக்கும்தான் வரும். நம் வீட்டில் எட்டு மணிக்குத் தட்டில் விழுவது தோசையும் காரச்சட்னியும், ஞாயிற்றுக்கிழமையானால் கோழிக்குழம்பு. மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் விசிறிவிடும். சிவப்பு ஒயினில் இருக்கிற துவர்ப்பு, பாக்குக் கடித்தால் நாக்கைப் பிடிக்குமே அந்தத் துவர்ப்பு, காரத்தோடு சேர்ந்தால் கசப்பாக மாறும். ஆகவே மிளகாய் அதிகமான சாப்பாட்டுக்கு கபர்நே சோவிஞோன் என்று எழுதிய பாட்டிலைத் திறக்காதீர்கள். காரச்சட்னிக்கும் மீன்குழம்புக்கும் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். நம் நாட்டு ஷெனினில் லேசாக இனிப்பு மிஞ்சியிருக்கும். டிரை வாங்குங்கள் என்ற என் விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு, காரத்தை அது தணிக்கும். எலுமிச்சை பிழிந்த மீன் வறுவலுக்கும் ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜிக்கும் சோவிஞோன் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளை. சேலத்துத் தட்டுவடை செட் இருக்கிறதே, மொறுமொறுப்பும் புளிப்பும் காரமும் துருவிய பீட்ரூட்டும், அதற்குக் குளிர்ந்த ரோஸேயைப் போல எதுவும் பொருந்தாது. இந்தக் கண்டுபிடிப்புக்கு எந்தப் புத்தகமும் ஆதாரம் கிடையாது. என் நாக்கு மட்டும்தான்.

ஆனால் மிளகு விஷயத்தில் ஆதாரம் இருக்கிறது. நம் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைப் பிடித்து ஏறும் மிளகுக்கொடியை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். மிளகுக்கு மிளகு வாசனை தருகிற பொருள் ரோட்டண்டோன். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் சில சமயம் மிளகு மணக்கிறதே, அது ஏன் என்று துப்புத் துலக்கிய ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008இல் ஷிராஸ் திராட்சையில் அதே பொருளைக் கண்டுபிடித்தார்கள். ஒப்புமை, உவமை ஒன்றுமில்லை. இரண்டிலும் ஒரே மூலக்கூறு. குளிர்ந்த இடத்தில் விளைந்த ஷிராஸில் அது கூடுதலாக இருக்கும். ஆகவே ஷிராஸ் வாங்கிய வாரம் மிளகாயைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, நம் மலை மிளகை அம்மியில் நுணுக்கி, மிளகுக்கோழியோ மிளகுப் பன்றிக்கறியோ செய்யுங்கள். சைவக்காரர்கள் காளான் மிளகு வறுவல் செய்யலாம். இதில் ஒரு வேடிக்கை: ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் வாசனை மூக்கில் ஏறுவதே இல்லை. உங்கள் வீட்டில் ஒருவர் "மிளகு மணக்கிறதே" என்று சொல்ல, மற்றவர் "எங்கே?" என்று கேட்டால் சண்டை வேண்டாம். இருவரும் சரி.

அளப்பதைச் சொல்ல மறக்கக் கூடாது. கண்ணால் ஊற்றும் எவருடைய கையும் தாராளமானது. பெரிய வயிறு வைத்த ஒயின் கிளாஸில் 150 மில்லி அடியில்தான் கிடக்கும், அரைகுறையாகத் தெரியும். சமையலறையில் மாவு அளக்கும் கோப்பையில் ஒருமுறை 150 மில்லி தண்ணீர் அளந்து உங்கள் கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். அந்த உயரம் மனதில் பதிந்துவிடும். எவர்சில்வர் டம்ளரில் குடித்தாலும் ஒயினுக்குக் கோபம் வராது, வாசனை மட்டும் கொஞ்சம் அடங்கும்.

மிஞ்சிய ஒயினுக்குக் காற்று ஆகாது. முக்கால் பாட்டில் காலியாக, கால் பாட்டில் ஒயினோடு மூடி வைத்தால் மறுநாளே மங்கத் தொடங்கும். சின்னக் கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, பாட்டிலைத் திறந்த உடனேயே மிஞ்சப்போவதை அதில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நான்கைந்து நாள் தாங்கும். இதற்கென்று காற்றுறிஞ்சும் பம்ப் விற்கிறார்கள், வாங்க வேண்டாம். 375 மில்லி அரைப் பாட்டில் கிடைத்தால் விடாதீர்கள். மில்லிக்கு மில்லி விலை கூடுதல்தான், ஆனால் பாதியைச் சிங்க்கில் கொட்டுவதைவிட லாபம். புளித்துப்போன சிவப்பு ஒயினைக் கறி ஊறவைக்கப் பயன்படுத்துங்கள். ஆங்கிலோ இந்திய வீடுகளின் விண்டலூ ருசித்தவர்களுக்குக் கறிக்குப் புளிப்பு என்ன செய்யும் என்று தெரியும்.

அம்மாக்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. கர்ப்பமாக இருக்கும்போது ரெட் ஒயின் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று ஒரு பேச்சு நம் பக்கம் உலவுகிறது. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற பிராந்தி கொடுப்பதும் உண்டு. முகம் பளபளக்கும் என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. மூன்றும் பொய். கர்ப்பத்தில் மது ஒரு சொட்டும் கூடாது. குழந்தையின் நிறத்தை அது மாற்றாது, மூளையைக் கெடுக்கும். பால் கொடுக்கும் காலத்தில் குடிக்காமலிருப்பதே நல்லது. ஒரு கிளாஸ் குடித்துவிட்டால் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளிப் பால் கொடுங்கள்; பீய்ச்சிக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் தவறு. ரத்தத்தில் இருக்கும்வரை பாலிலும் இருக்கும். குடித்த இரவில் கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். அப்பாக்களுக்கும் இது பொருந்தும், கூடுதலாகவே. தூக்க மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

"அசதிக்கு ஒரு கிளாஸ், நன்றாகத் தூக்கம் வரும்" என்கிறீர்களே, அதுவும் பாதி உண்மைதான். தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் கலைந்துவிடும். பத்தரை மணிக்குக் குடித்துவிட்டுப் படுத்தால் மூன்று மணிக்கு விழிப்பு வந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், ஆறு மணிக்குப் பள்ளி வேனுக்கு எழ வேண்டும். அதனால்தான் நான் எட்டு மணிச் சாப்பாட்டோடு குடியுங்கள் என்கிறேன். பிள்ளைகள் பார்ப்பார்களே? பார்க்கட்டும். ஒளித்துவைத்துக் குடித்து, ஏலக்காய் மென்று, மூச்சை அடக்கிக்கொண்டு முத்தம் கொடுக்கிற அப்பாவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்; குடி என்றால் ஒளித்துச் செய்ய வேண்டியது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வார்கள். சோறு சாப்பிட்டுக்கொண்டே ஒரு கிளாஸ் குடித்து, போதும் என்று மூடியைத் திருகி உள்ளே வைக்கிற அம்மாவைப் பார்க்கிற பிள்ளைக்கு நாம் தனியாகச் சொல்ல வேண்டியது குறைவு. கேட்டால், இது பெரியவர்களுக்கு, உடம்புக்கு நல்லதில்லை, அதனால்தான் கொஞ்சமாக, என்று சொல்லிவிடுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கவே கூடாது என்பது இங்கே சட்டம். ஆசைக்கு ஒரு வாய் என்று விரலில் தொட்டு நாக்கில் வைக்கிற தாத்தாக்களை மட்டும் தடுத்துவிடுங்கள். பாட்டில் எப்போதும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் வருகிறபோது பழைய குடும்பங்களில் பீங்கான் ஜாடி எடுத்துப் பன்னீர் திராட்சை ஊறவைக்கிற பேச்சு எழும். கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வாசனைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் உரிமம் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சுவதும் புளிக்கவைப்பதும் நான் முதலில் சொன்ன அந்த 1937ஆம் வருடத்துச் சட்டப்படி குற்றம்தான். ஜாடியை எடுக்காதீர்கள். இஞ்சியும் எலுமிச்சையும் கருக்கிய சர்க்கரையும் போட்டுக் காய்ச்சுகிற, புளிக்காத இஞ்சி ஒயின் போதும். அதைப் பிள்ளைகளுக்கும் அதே மாதிரிக் கிளாஸில் ஊற்றிக் கொடுக்கலாம். பெரியவர்களுக்கும் அதுவே போதும் என்று தோன்றுகிற இரவுகள் வந்தால் இன்னும் நல்லது.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது. வீட்டில் பிள்ளை இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறும், இழுப்பு வரும், கட்டிலிலிருந்து விழும். ஏற்காட்டில் அவசரம் என்றால் சேலத்துக்கு இறங்க வேண்டும்: இருபது கொண்டை ஊசி வளைவு, பனி, முன்னால் சரக்கு ஏற்றிய லாரி. குப்பனூர் வழியாக இறங்கினாலும் அது மலைப்பாதைதான். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல்முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒல்லியான ஆளுக்கு ஒன்றரை கிளாஸ் ஒயினே அந்த எல்லையைத் தாண்டவைத்துவிடும். சட்டத்தை விடுங்கள், பதினேழாவது வளைவில் உங்கள் பிரேக் கால் ஒரு நொடி தாமதித்தால் போதும். ஆகவே எந்த இரவிலும் வீட்டில் ஒருவர் வண்டி ஓட்டுகிற நிலையில் இருக்க வேண்டும். இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் மற்றவர் ஓட்டக் கற்றுக்கொள்ளும்வரை பாட்டில் மூடியே இருக்கட்டும். இது ஒன்றை மட்டும் கேட்கமாட்டேன் என்பவர்கள் நான் மேலே எழுதியது எதையும் கேட்க வேண்டாம்.

கடைசியாகக் காலி பாட்டில். பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலியைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தந்துவிடுகிற ஏற்பாடு உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2022இல் நீலகிரியில் தொடங்கி மற்ற மலைகளுக்கும் வந்தது. காட்டில் வீசி உடைந்த பாட்டில்கள் விலங்குகளின் காலைக் கிழித்ததுதான் அதற்குக் காரணம். நம் தோட்டங்களுக்குள்ளும் காட்டெருமை நடக்கிறது, செருப்பில்லாமல் காப்பிப் பழம் பறிக்க வருகிறவர்களும் நடக்கிறார்கள். பாட்டிலைக் கழுவி, மூடி போட்டு, அடுத்த முறை கீழே இறங்கும்போது கடையில் கொடுத்துவிடுங்கள். பத்து ரூபாயை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் அம்மா